விட்டு விட்டுத் துடித்த இதயம்

ரென்ஸ்கெயின் அப்பா ஒரு மதியம் சூப் கிண்ணத்தின் முன் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். சரக்குப் படகு ஓட்டியவர். அன்று படகு மதகு திறப்பதற்காக வரிசையில் நின்றிருந்தது. ரென்ஸ்கெக்குப் பதினான்கு வயது, எதிர் நாற்காலியில் இருந்தாள். கரண்டியைப் பிடித்தபடி அசையாமல் இருந்த அப்பாவைப் பார்த்து, விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தாளாம். நானும் அவளும் பழகத் தொடங்கிய புதிதில் இதை ஒருமுறை சொன்னாள். அதன்பிறகு பல வருடங்கள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அப்பாவுக்கு அப்போது நாற்பத்தொன்பது. அவளுக்கு நாற்பத்தேழு நடந்தபோது அவளுடைய இதயம் இடையிடையே துடிப்பைத் தவறவிட ஆரம்பித்தது.

நெதர்லாந்தின் வடக்கே, எங்கள் ஊரான க்ரோனிங்கனில் மீன் சந்தைக்குப் பின்னால் இருந்த கண்ணாடிக் கடையில் கண் பார்த்து அளவு சொல்வது அவள் வேலை. ஒரு கிழவருக்கு லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தபோது முதல் தடவை வந்தது. வீட்டுக்கு வந்து சொன்னாள்: “இன்னொரு படி இருக்குன்னு நெனச்சுக் காலை வெப்போம் இல்ல, அங்க படி இருக்காது. அந்த மாதிரி நெஞ்சுக்குள்ள.”

“காபி ஜாஸ்தியாயிடுச்சு உனக்கு” என்றேன்.

“இருக்கும்” என்றாள். ஆனால் அவள் கை கழுத்து நாடியில் இருந்தது. அந்தக் கை அடுத்த இரண்டு வருடமும் அங்கேயேதான் இருந்தது என்று சொல்லலாம்.

எங்கள் வீட்டு டாக்டர் டைக்கெமா அம்மாள் எல்லாம் பார்த்தார். இ.சி.ஜி. எடுத்தார், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ஸ்கேன் செய்யச் சொன்னார். அமைப்பில் கோளாறு இல்லை, அதிகப்படித் துடிப்புகள் இருக்கின்றன, பாதிப் பேருக்கு இருப்பதுதான் என்று பதில் வந்தது. ரத்தத்தில் பொட்டாசியம் சரியான அளவின் கீழ் ஓரத்தில் இருந்தது, பரவாயில்லை என்றார்கள்.

“சிகரெட்?”

“போன வருஷமே விட்டுட்டேன் டாக்டர்.”

“ரொம்ப நல்லது. குடி? காபி? ட்ரொப் நிறைய சாப்பிடுவீங்களா?”

“எல்லாரும் மாதிரிதான்.”

ட்ரொப் என்றால் அதிமதுரச் சாறு காய்ச்சிச் செய்த கறுப்பு மிட்டாய். எங்கள் பக்கத்தில் உப்புப் போட்டதைத்தான் விரும்புவோம். அது இல்லாத கைப்பையும் கார் டாஷ்போர்டும் இந்த ஊரில் கிடையாது. டாக்டர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

வெளியே வந்து சைக்கிள் பூட்டைத் திறக்கும்போது ரென்ஸ்கெ சொன்னாள்: “பாதிப் பேருக்கு இருக்குங்கறாங்க. எங்கப்பா எந்தப் பாதி?”

அவள் தெரிந்துகொள்ள விரும்பியது அது ஒன்றைத்தான்: தன் நெஞ்சுக்குள் இருப்பது அப்பாவின் இதயமா? ஆம் என்றால் இன்னும் இரண்டு வருடம்.

அப்போதுதான் ஷூர்டின் கூட்டத்தில் சேர்ந்தாள். நூலகத்தின் மாடி அறையில் மாதம் ஒருமுறை கூடுவார்கள். தன்னைத்தானே ஆராய்கிறவர்கள். பூகோள வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற ஷூர்ட், பாலாடைக்கட்டி தின்றால் கெட்ட கனவு வருகிறதா என்று மூன்று வருடமாகச் சோதித்துக்கொண்டிருந்தான். இன்னொருவர் தன் தும்மல்களைக் குறித்து வந்தார். பேச எழுந்தால் மூன்று கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: என்ன செய்தாய், எப்படிச் செய்தாய், என்ன தெரிந்தது. அடுத்தவருக்கு அறிவுரை சொல்லக் கூடாது; கேள்வி மட்டும் கேட்கலாம். நானும் அவளோடு போவேன். காபி போட்டுக் கொடுப்பது என் வேலை.

“என்ன கேள்வியோட வந்திருக்கே?” என்றான் ஷூர்ட்.

“நான் சாகப்போறேனா இல்லையான்னு.”

“அதுக்கு நானே பதில் சொல்லிடுவேனே. சாகப்போறே. நானும்தான். கேள்வியைச் சின்னதாக்கு.”

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், அந்த மாதத்தில் முதல் தடவையாக. “சரி. எப்பெப்ப இது வருது, வர்றதுக்கு முன்னாடி நான் என்ன பண்ணியிருக்கேன்?”

“இது பிடிக்கக்கூடிய மீன்” என்றான் ஷூர்ட்.

திட்டம் போட்டார்கள். தொடங்கும் முன்பே எதைக் கவனிப்பது, எப்போது குறிப்பது என்று முடிவு செய்துவிட வேண்டும். நடுவில் பயந்துபோய் மாற்றினால் எதுவும் தெரியாது. துடிப்பு தப்பும்போதெல்லாம் அழுத்த, கைக்கடிகாரப் பட்டையில் ஒரு சின்னப் பொத்தான். நேரத்தை அதுவே பதிந்துகொள்ளும். மற்றவற்றை ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் கணினியில் கட்டம் கட்டமாக நிரப்புவாள்: காபி, ஒயின், தூக்கம், எதிர்க்காற்றில் சைக்கிள், முதலாளியோடு சண்டை. ‘ஹார்மெனின் அம்மா வந்த ஞாயிறு’ என்று என் அம்மாவுக்குக்கூட ஒரு கட்டம் வைத்தாள். கூட்டத்தில் அந்தப் பட்டியலைச் சுற்றுக்கு விட்டார்கள். எல்லாரும் படித்தார்கள். ஒன்றும் விட்டுப்போகவில்லை என்றார்கள்.

பிறகு வீட்டில் அந்தப் பொத்தானின் ஓசை குடியேறியது.

மிக மெல்லிய ஓசைதான், நகம் கடிப்பதைப் போல. அவள் குளியலறையில் இருப்பாள், நான் அடுப்படியில் இருப்பேன். ‘டிக்.’ என் கையிலிருக்கும் கரண்டி அப்படியே நிற்கும். அடுத்த ஓசை வருகிறதா என்று காது கொடுப்பேன். வராவிட்டால் அவள் நிற்கிறாளா, விழுந்துவிட்டாளா என்று பயம். வந்தால் வந்துவிட்டதே என்று பயம். கார் ஓட்டும்போது பக்கத்தில் ‘டிக்’ கேட்டால் சாலையைப் பார்ப்பதா, அவள் முகத்தைப் பார்ப்பதா என்று தெரியாமல் வேகத்தைக் குறைப்பேன். பின்னால் வருகிறவன் ஒலிப்பானை அடிப்பான்.

“என்னைப் பாக்காதே. ரோட்டைப் பாரு” என்பாள்.

“நான் ஒண்ணும் பாக்கலையே.”

“உன் காது பாக்குதே!”

தப்பிய துடிப்புகளை எண்ணிக் கணினி வரைந்த கோடு ஏறிக்கொண்டே போனது. கவனிக்கப் பழகிவிட்டதால் அதிகமாகத் தெரிகிறதோ என்று ஷூர்ட் கேட்டான். அதற்கும் அவள் வழி வைத்திருந்தாள். துடிப்பைப் பதிவதற்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த பட்டையை ஒருநாள் நெஞ்சில் ஒட்டிக்கொண்டு, கருவி எண்ணியதையும் தான் எண்ணியதையும் ஒப்பிட்டாள். அவள் கணக்கில் பிசகில்லை. நிஜமாகவே கூடிக்கொண்டுதான் இருந்தது. அதிலிருந்து அவள் சைக்கிளில் வேலைக்குப் போகவில்லை. “கால்வாயோரமாப் போறேன் இல்ல, விழுந்தா தண்ணிக்குள்ள விழுவேன்” என்று பஸ்ஸில் போனாள். நீச்சல் தெரிந்த படகுக்காரன் மகள்.

ஆகஸ்டில் கூடார வண்டியை இழுத்துக்கொண்டு பிரான்சுக்குப் போனோம். நான் வேண்டாம் என்றேன். அங்கே ஏதாவது ஆனால் எந்த மொழியில் கத்துவது? போய்ச் சேர்ந்த ஒரு வாரத்தில் கோடு இறங்கியது. இரண்டாவது வாரம் பொத்தான் சத்தமே அபூர்வமானது. நான் தூங்கினேன். திரும்பி வந்த பிறகு மெல்ல மெல்லப் பழையபடி ஏறியது.

“ஓய்வு” என்றது கூட்டம். உடனே ரென்ஸ்கெ விடுப்பு எடுத்து இரண்டு வாரம் வீட்டிலேயே இருந்து பார்த்தாள். இறங்கவில்லை.

“அப்ப வேலை இல்ல, வீடுதான் காரணம்” என்றார் தும்மல்காரர். “வீடா, வீட்டுக்காரனா?”

எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்றிரவு நகராமல் சுவரோரம் படுத்துக் கிடந்தேன், என் மூச்சுக்காற்றுகூட அவளுக்கு ஆகாதோ என்று.

நவம்பர் கூட்டத்தில் அவள் எழுந்து திரையில் கோட்டைக் காட்டினாள். என்ன செய்தேன், எப்படிச் செய்தேன் என்று சொல்லி முடித்தாள். மூன்றாவது கேள்விக்கு வந்தாள். “என்ன தெரிஞ்சுதுன்னா… ஒண்ணும் தெரியல. எந்தக் கட்டத்தோடயும் இது சேரல. அப்படின்னா நான் செய்யற எதுவும் காரணம் இல்ல. பிறவியிலேயே வந்தது.” பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

பின்வரிசையில் கிராசா கை தூக்கினாள். போர்ச்சுகல்காரி, பல்கலைக்கழகத்தில் வேலைக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. எங்கள் மொழியை எழுத்துக்கூட்டிப் பேசுவாள்.

“நீ பேச ஆரம்பிச்சதுல இருந்து கறுப்பா ஒண்ணைத் தின்னுட்டே இருக்கியே. நாலாவது இது.”

“ட்ரொப்தான். வேணுமா?”

“ஐயோ வேண்டாம், டயர் மாதிரி இருக்கும். இது எந்தக் கட்டத்துல வருது?”

“எது?”

“அதுதான். அந்த டயர்.”

“அது வந்து… ட்ரொப்பு!” என்றாள் ரென்ஸ்கெ. காற்று எந்தக் கட்டத்தில் வரும் என்று கேட்டதுபோல எல்லாரும் சிரித்தார்கள். கிராசா சிரிக்கவில்லை. “எந்தக் கட்டம்னுதான் கேட்டேன்” என்றாள் மறுபடி.

ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். ஷூர்ட் தன் சட்டைப்பையிலிருந்த பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்து, அதை ஏதோ பூச்சியைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். அந்த அறையில் பதினைந்து பேர். கிராசாவைத் தவிர எல்லாரும் இந்த மண்ணில் பிறந்தவர்கள். எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

“ஒரு நாளைக்கு எவ்வளவு?” என்றான் ஷூர்ட்.

“தெரியாது. எல்லாரும் மாதிரி…” என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “சிகரெட்டை விட்டதுல இருந்து கொஞ்சம் கூட. பொத்தானை அழுத்தினதும் பயமா இருக்கும். பயத்துக்கு ஒண்ணு போட்டுக்குவேன்.”

“பிரான்சுல?”

இதற்கு நான்தான் பதில் சொன்னேன். “ரெண்டாம் நாளே தீந்துபோச்சு. அங்க எந்தக் கடையிலயும் கிடைக்கல.”

மறுநாள் டாக்டரிடம் போனோம். அவர் இரண்டு கையாலும் மேசையைத் தட்டினார். “நான்தான் அப்பவே கேட்டேனே!”

“நானும் அப்பவே பதில் சொன்னேனே!” என்றாள் ரென்ஸ்கெ.

அதிமதுரம் அளவு மீறினால் உடம்பிலிருந்து பொட்டாசியத்தை அடித்துக்கொண்டு போய்விடும், அது குறைந்தால் இதயம் தாளம் தப்பும் என்றார். ரத்தம் எடுத்தார்கள், இந்தத் தடவை ஓரத்தில் இல்லை, கீழே விழுந்திருந்தது. ட்ரொப்பை நிறுத்தினாள். முதல் வாரம் சண்டைக்காரியாக அலைந்தாள். நான்கு வாரத்தில் கோடு தரையோடு படிந்தது. அடுப்படியில் கரண்டியைச் சுழற்றிக்கொண்டே இருந்தேன். எந்த ‘டிக்’கும் என் கையை நிறுத்தவில்லை.

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஜனவரிக் குளிரில், ஒரு ஞாயிறு காலை ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே அவள் சொன்னாள்: “திரும்ப ஆரம்பிக்கணும் ஹார்மென்.”

“எதை?”

“ட்ரொப்பை. ஒரு வாரம்.”

நான் கத்தினேன். பக்கத்து வீட்டுச் சுவரில் தட்டினார்கள். அவள் நான் முடிக்கும்வரை ரொட்டியைத் தின்றாள்.

“கடையில ஒரு லென்சைப் போட்டு, இது தெளிவா இருக்கான்னு கேப்பேன். இருக்கும்பாங்க. உடனே எழுதிக் கொடுத்துடுவேனா? பழையதைத் திரும்பப் போட்டுப் பாப்பேன். அது மங்கலாத் தெரிஞ்சாத்தான் இது நல்லதுன்னு அர்த்தம். இப்ப துடிப்பு நின்னுருக்கு. நிறுத்தினதால நின்னுச்சா, தானா நின்னுச்சா? அப்பாவோடதுகூட வருஷக்கணக்கா சும்மா இருந்துட்டுத்தான் அன்னைக்கு…”

“உயிரோட விளையாடறதுக்குப் பேரு சோதனையா?”

“எனக்கு மட்டும் பயமில்லையா?” வெண்ணெய்க் கத்தியைக் கீழே வைத்தாள். “இப்படியே இன்னும் எத்தனை வருஷம் சூப்பு முன்னாடி உக்கார்றது?”

டாக்டர் முடியவே முடியாது என்றார். பிறகு, “நீங்க சொன்னது என் காதுல விழல. ஆனா வியாழக்கிழமை ரத்தம் கொடுக்க வாங்க” என்றார். பொட்டாசியம் சரியான அளவுக்கு ஏறியிருந்தது. பழைய அளவில் பாதிதான் தின்பது, ஒரு வாரம்தான், வரிசையாக மூன்று தடவை தப்பினால் அந்த இடத்திலேயே நிறுத்துவது என்று ரென்ஸ்கெ திட்டம் எழுதினாள். என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னாள். போட்டேன்.

அந்த வாரத்தை நான் எப்படி விவரிப்பது? முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததுதான் பெரிய பயமாக இருந்தது. அவள் மிட்டாயை நாக்கில் வைக்கும்போது, மருந்து விழுங்கும் குழந்தையைப்போலக் கண்ணை மூடிக்கொள்வாள். வேலை செய்யுமிடத்தில் என் கைபேசி அதிரும்போதெல்லாம் எனக்கு வியர்த்தது. நாலாம் நாள் மாலை, படி ஏறும்போது மேலேயிருந்து ‘டிக்’ கேட்டது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஐந்தாம் நாள் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். டிக். டிக். இடைவெளி. டிக், டிக், டிக். கத்தி கீழே விழுந்தது. நாற்காலியில் உட்கார்ந்தாள். முகம் மெழுகு நிறமாக இருந்தது, உதட்டில் நிறமே இல்லை.

“நிறுத்திட்டேன்” என்றாள். “நிறுத்திட்டேன் ஹார்மென். ஆனா அது நிறுத்த மாட்டேங்குது.”

ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவள் முன்னால் மண்டியிட்டு அவள் இரண்டு கையையும் பிடித்திருந்தேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. அவள் என் தலைக்கு மேலே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அந்தச் சுவருக்குப் பின்னால் யாரோ நிற்பதைப்போல.

மறுநாள் மதியம்வரை ஆஸ்பத்திரியில் வைத்துப் பொட்டாசியம் ஏற்றினார்கள். இளம் டாக்டர் ஒருவர் வந்து கோபமாகக் கேட்டார்: “இப்படிச் செய்யச் சொன்னது யாரு?”

“நானேதான்.”

“நீங்க டாக்டரா?”

“கண்ணாடி விக்கிறேன்” என்றாள் ரென்ஸ்கெ.

காரில் ஏறியதும் அழுதாள். பெரிதாக, குலுங்கி அழுதாள். “அது மிட்டாய்தான். அப்பா இல்ல ஹார்மென். அப்பா இல்ல.” நான் வண்டியைக் கிளப்பாமல் வாகன நிறுத்தத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து தன் அம்மாவுக்குப் போன் செய்தாள். முதியோர் இல்லத்தில் இருந்தவர். காது மந்தம் என்பதால் ஒலிபெருக்கியில் போட்டாள்.

“அம்மா, அப்பா ட்ரொப் சாப்பிடுவாரா?”

“என்ன கேள்வி இது? மனுஷன்னா சாப்பிட மாட்டானா?”

“எவ்வளவு?”

“எல்லாரும் மாதிரிதான்” என்றார் அம்மா. “சுக்கான் பக்கத்துல ஒரு டப்பா இருக்கும்.”

“எவ்வளவு பெரிய டப்பா?”

“அதை யாரு பார்த்தா ரென்ஸ்கெ? டப்பா. மூடி போட்ட டப்பா.”

போனை வைத்துவிட்டு ஜன்னலருகே போனாள். அப்பாவுடையது மிட்டாயா, பிறவியா என்று யாருக்கும் தெரியாமலே போனது. தன்னுடையது தெரிந்தது. அதன்பிறகு பொத்தானைக் கழற்றிவிட்டாள், சைக்கிளை வெளியே எடுத்தாள். அப்பாவின் வயதைத் தாண்டினாள். ஐம்பதாவது பிறந்தநாளுக்குத் தெருவே வந்தது. ஆனால் பயம் அப்படியொன்றும் முழுதாகக் கழன்று விழுந்துவிடவில்லை. சில சமயம் பேச்சின் நடுவில் அவள் கை கழுத்துக்குப் போகும். நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

ஐம்பத்திரண்டாம் வயதில் கணையத்தில் கட்டி வந்தது. எந்தக் கட்டத்திலும் நாங்கள் தேடாத இடம். கண்டுபிடித்தபோது எங்கும் பரவியிருந்தது. ஷூர்ட் பார்க்க வந்து, இதைக் குறித்து வைக்கிறாயா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். “இதுல கண்டுபிடிக்க ஒண்ணுமில்ல. நீ உன் பாலாடைக்கட்டியைப் பாரு” என்றாள்.

கட்டிலைக் கூடத்தில் போட்டோம், தெரு தெரியும்படி. கடைசி மூன்று நாள் அவள் விழிக்கவில்லை. சாப்பாடு இல்லை, தண்ணீர் இல்லை. கால்கள் குளிர்ந்துவிட்டன, மூச்சு எப்போதோ ஒன்று. ஆனாலும் கழுத்தில் அந்த நாடி அடித்துக்கொண்டே இருந்தது, ஒரே சீராக, ஒன்றுகூடத் தப்பாமல். ஐந்து வருடமாக அது நின்றுவிடுமோ என்று பயந்தவன் நான். இப்போது அது நிற்க மாட்டேன் என்கிறதே என்று பயந்தேன். உள்ளே அவளுக்கு வலிக்கிறதோ, தெரிகிறதோ, யாரிடம் கேட்பது?

காலையில் வந்த செவிலி கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையை அசைத்தாள். “இதயம் ரொம்ப பலம் இவங்களுக்கு. அதான் இவ்வளவு நேரம் எடுக்குது. குடும்பத்துல எல்லாருக்கும் அப்படியா?”

“தெரியாது” என்றேன்.

அவள் போன பிறகு ரென்ஸ்கெயின் காதருகே குனிந்து, செவிலி சொன்னதைச் சொன்னேன். கேட்டிருக்குமா என்று தெரியாது. முகத்தில் ஒரு அசைவும் இல்லை. மதியம் ஒரு மணியளவில், சூப் நேரத்தில், நாடி இரண்டு தடவை இடைவெளி விட்டு அடித்தது. பிறகு அடிக்கவில்லை. என் விரலை நான் அங்கிருந்து எடுக்க வெகுநேரம் ஆயிற்று.